பொதுப் பெட்டி

கரண்ட் போய்ப் பதிவாகாத சீரியல் காட்சிகளை, பார்ப்பவரின் ருசிக்கு ஏற்றபடி தானே இட்டு நிரப்பிக்கொள்ளும் டிவி பதிவுப் பெட்டிகள் வந்த பிறகு, பாளையங்கோட்டை சங்கரபாண்டியின் வீட்டில் ஒரே தொடர் இரண்டு விதமாக ஓடியது. அம்மாவின் அறைப் பெட்டியில் மருமகள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாள். மனைவி சரஸ்வதியின் பெட்டியில் மாமியாரைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். எது உண்மையான கதை என்று இருவரும் சாப்பாட்டு வேளையில் மல்லுக்கு நிற்க, நடுவில் இவன் மோர் கேட்கவே பயந்தான்.

பொறுக்கமாட்டாமல் இரண்டு பெட்டிகளையும் பரணில் போட்டுவிட்டு, வீட்டுக்குப் பொதுவாக அதே மாதிரிப் பெட்டி ஒன்றே ஒன்று வாங்கி ஹால் டிவியில் மாட்டினான். "இனிமே ரெண்டு பேருக்கும் ஒரே கததான்" என்று அறிவித்துவிட்டு, பெரிய வழக்கைத் தீர்த்துவைத்த நாட்டாமை மாதிரி ஆபீஸ் போனான்.

அன்றைக்கும் கரண்ட் போனது. சாயங்காலம் வந்தபோது அம்மாவும் சரஸ்வதியும் ஒரே சோபாவில், ஒரே தட்டில் முறுக்குத் தின்றபடி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"காப்பி கெடைக்குமா?" என்றான்.

இருவரும் திரும்பவில்லை. திரையில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து, வீட்டு மகனின் துணிமணிகளைத் தெருவில் வீசிக்கொண்டிருந்தார்கள். இருவர் ருசிக்கும் ஒத்துப்போகிற கதை என்று தேடிய பெட்டிக்கு வேறெதுவும் அகப்படவில்லை போலிருக்கிறது.

"அடுப்படி எங்க இருக்குன்னு தெரியும்லா உங்களுக்கு?" என்றாள் சரஸ்வதி.

"எங்க ரெண்டு பேத்துக்கும் சேத்துப் போடுலே" என்றாள் அம்மா.