ஆள்காட்டியின் காவல்

பக்கத்து வளையின் குட்டிகளைக் கீரி தின்றதிலிருந்து தாய் வயலெலிக்குத் தூக்கமே இல்லை. அதற்கும் நாலு குட்டிகள். வரப்போரம் முட்டைக்குக் காவல் நின்ற ஆள்காட்டிக் குருவியிடம் போய், "அண்ணே, கீரி தலை தெரிஞ்சா கத்துங்க, நான் வாசலை மண்ணால அடைச்சுக்குவேன்" என்று கெஞ்சியது.

ஆள்காட்டி நன்றாகவே கத்தியது. கீரி இரண்டு முறை ஏமாந்து போனது. ஆனால் எலி வெளியே வந்தாலும் கத்தியது.

"நான்தாண்ணே!"

"மேலேயிருந்து பார்த்தா எல்லாம் ஒண்ணுதான், தங்கச்சி. எங்க போற, எப்ப வருவேன்னு சொல்லிட்டுப் போ."

நியாயம்தானே என்று எலியும் சொல்லிவிட்டுக் கிளம்பியது.

பாதி வழியில், "அங்க யாரு அசையிறது?" என்று ஆள்காட்டியிடம் அதன் ஜோடிப் பெண்குருவி கேட்பது காதில் விழுந்தது.

"நம்ம எலிதான்! கடலைக்காட்டுக்குப் போகுது, பொழுது சாஞ்சுதான் வரும்!"

வேலிப் புதரில் கீரி எழுந்து நின்றது. எலி விழுந்தடித்து ஓடிவந்து, கீரியின் மூக்கு நுழையுமுன் வாசலை அடைத்தது.

கீரி அலுத்துப் போனபின், எலி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தது.

"எங்க கொண்டு போற, தங்கச்சி?" என்று ஆள்காட்டி அக்கறையாகக் கேட்டது.

வாயில் குட்டி இருந்ததால் எலி பதில் சொல்லவில்லை. அடுத்த குட்டிக்காகத் திரும்பி வந்தபோது வாய் காலியாகத்தான் இருந்தது. அப்போதும் சொல்லவில்லை.