முழுச் சம்பளம்

"பார்த்துக்கிட்டே இரு ரோண்டா, வெர்லின் ஓடி வந்து நிப்பான் பாரு!" என்றான் டிரென்ட், கறியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பில், எங்கள் ஊர் வழக்கப்படி, இனிப்பு சினமன் ரோலைத் தோய்த்தபடி.

எங்கள் லாரிக் கம்பெனியில் அன்று பேட்டா திட்டத்தில் சேரப் பெயர் கொடுக்கும் நாள். நெப்ராஸ்காவில் மற்ற கம்பெனிகள் எப்போதோ ஆரம்பித்துவிட்டன. எங்கள் முதலாளிக்கு இப்போதுதான் ஞானோதயம். டிரைவர்கள் வரட்டும் என்று மத்தியானச் சாப்பாடு வேறு இலவசம். நான் சம்பளப் பிரிவு. டிரென்ட் லோடு ஒதுக்குகிறவன்.

திட்டம் சுலபம்தான். மைலுக்கு இத்தனை சென்ட் என்று கொடுக்கிற கூலியில் ஒரு பகுதியை, வழிச் சாப்பாட்டு பேட்டா என்று பெயர் மாற்றிக் கொடுப்போம். பேட்டாவுக்கு வரி கிடையாது. வாரத்துக்கு அறுபது டாலர் கையில் கூட வரும். ஆனால் கணக்கில் காட்டுகிற சம்பளம் குறைந்துவிடும். நாளைக்கு வீட்டுக் கடனுக்கோ ஓய்வூதியத்துக்கோ போய் நிற்கும்போதுதான் அது உறைக்கும். அதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்? காலையிலிருந்து முண்டியடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள்.

"எல்லாரும்தான் வர்றாங்க. வெர்லினை மட்டும் ஏன் சொல்றே?"

"தெரியாத மாதிரி கேக்காதே. மார்லாவுக்குப் பணம் பிடிச்சு அனுப்பறது நீதானே?"

மார்லா டிரென்டின் தங்கை. வெர்லினின் முன்னாள் மனைவி. மகள் டெஸ்ஸா அவளிடம்தான் வளர்கிறாள். கோர்ட் உத்தரவுப்படி மகளுக்கான தொகையை வெர்லின் சம்பளத்தில் பிடித்து அனுப்புவது என் வேலை.

"அந்தத் தொகையை இந்த வருஷம் கோர்ட்டுல திரும்பப் பார்க்கப் போறாங்க. சம்பளம் குறைஞ்சா அதுவும் குறையும். சும்மா விடுவானா அவன்?" டிரென்டின் முகம் சிவந்துவிட்டது. "பகல்ல பள்ளிக்கூடக் கேன்டீன், ராத்திரி முதியோர் இல்லம்னு என் தங்கச்சி ஓடாத் தேயறா. பொண்ணு வீட்ல தனியாத் தூங்குது. கோர்ட்டு சொன்னதுக்கு மேல அவன் ஒரு சென்ட் குடுத்ததா நான் கேள்விப்பட்டதே இல்ல!"

எனக்கும் வெர்லின் மேல் கோபம்தான். பேட்டாவைக் காட்டிப் பிள்ளைகளின் பணத்தைக் குறைத்த அப்பன்மார்களின் கதைகள் இந்தத் தொழிலில் நிறையவே உண்டு.

டிரென்டை போன் கூப்பிட்டது. அவன் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் வெர்லின் வந்து நின்றான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"மேடம், ஒரு சந்தேகம். பேட்டாவுல சேர்ந்தா கோர்ட்டுக்கு எந்தச் சம்பளம் தெரியும்?"

வந்ததும் வராததுமாக இதுதான் கேள்வி!

"குறைஞ்ச சம்பளம்தான்," என்றேன் வெடுக்கென்று.

"அப்ப டெஸ்ஸாவுக்குப் பிடிக்கறதும் குறையுமா?"

"குறையும். சந்தோஷமா?"

அவன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"சேராட்டி?"

"முழுச் சம்பளமும் அப்படியே தெரியும். இப்ப நிறைய மைல் ஓட்டறீங்க, அதனால தொகை ஏறும்."

"கண்டிப்பா ஏறுமா?"

"ஏறும், ஏறும். அந்தக் கவலை உங்களுக்கு எதுக்கு? இந்தாங்க, இங்க கையெழுத்துப் போடுங்க." பேனாவை அவன் பக்கம் தள்ளினேன்.

அவன் அதைத் திருப்பி என் பக்கமே தள்ளினான்.

"எனக்கு பேட்டா வேணாம் மேடம். முழுச் சம்பளமாவே போடுங்க."

"வெர்லின், புரிஞ்சுதான் பேசறீங்களா? பேட்டாவும் போச்சு, வரியும் கூடுதல், பிடித்தமும் ஏறும். எல்லாப் பக்கமும் உங்களுக்குத்தான் அடி!"

"புரியுது மேடம். தொகை ஏறினா மார்லா அந்த ராத்திரி வேலையை விட்டுடுவா. புள்ளை தனியாப் படுக்க வேண்டாம்."

இந்த மனுஷரையா இத்தனை நேரம் கரித்துக்கொட்டினேன் என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் சம்பளக் கணக்குப் போட்டே பழகிய புத்தி சும்மா இருக்குமா?

"நல்ல மனசுதான். ஆனா பேட்டாவை வாங்கிக்கிட்டு, அந்தக் காசை மார்லா கையில நேராக் குடுத்துடலாமே? எதுக்கு வீணா வரி கட்டி அழணும்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். டிரென்ட் இன்னும் போனில்தான் இருந்தான். ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"குடுத்துப் பார்த்தேன் மேடம். செக்கைக் கிழிச்சு அதே கவர்ல போட்டு அனுப்பிட்டா. டெஸ்ஸாவுக்கு வாங்கின சைக்கிளும் திரும்பி வந்துடுச்சு. அவளைக் குத்தம் சொல்ல முடியாது. அப்பல்லாம் குடிச்சிட்டு நான் ஆடின ஆட்டம் அப்படி. என் கையால பச்சைத் தண்ணிகூட வாங்க மாட்டா."

தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டார்.

"கோர்ட்டு என்கிட்டேருந்து பிடுங்கிக் குடுத்தா மட்டும்தான் வாங்கிக்குவா. அதான், நல்லாப் பிடுங்கட்டும்னு பார்க்கறேன்."