கோப்பையை ஆட்டும்வரை

ஜோர்தான் பாலைவனத்தில் ஒட்டகமேறி இடிபாடுகள் பார்க்கப் போனேன். கூரையில்லாத வீடொன்றில் ஒரு கிழவர் கோப்பி ஊற்றித் தந்தார். குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தேன். வெளியே வந்ததும், அங்கே ஒருவரும் குடியிருப்பதில்லை என்றான் நாடோடி அரபு வழிகாட்டி சாலிம். விருந்தாளி கோப்பையை ஆட்டிக் காட்டும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பார்களாம். ஆட்டிவிட்டால், அவர் புறப்படுவதற்கு ஒட்டகத்தை வாசலில் படுக்க வைப்பார்களாம்.

பனி கொட்டும் ரொக்ஸ்பரோவிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பிப் பன்னிரண்டு நாட்கள். வீட்டில் நான் குடித்து வைக்கும் கோப்பையெல்லாம் மறுபடி நிறைந்துவிடுகிறது. ஏலக்காய் மணக்கிறது.

"நான் ஊத்தேல்லை," என்கிறாள் மனைவி கோபிகா.

இன்று காலை, போதுமென்று கோப்பையை ஆட்டிவிட்டு வைத்தேன். அது நிறையவில்லை. நிம்மதியாகச் சாய்ந்தேன்.

யன்னலடியில் நின்ற கோபிகா கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ, எங்கடை வாசல் பனியிலை ஒட்டகமொண்டு படுத்திருக்கு. முதுகிலை ஆருமில்லை."