கறையில்லாத கை

ஜீப்பு மலையேறுவதற்குள் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை அளந்துவிட வேண்டும் என்று நர்ஸ் சூர்யகலா காலையிலேயே போடிக்கு வந்துவிட்டாள். ஏலக்காய் எடுக்கப் போகும் எட்டுப் பெண்கள் ஜீப்பின் தார்ப்பாய்க்குக் கீழே நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மாதத்துக்கு முன் வைரஸ் காய்ச்சல் வந்தபோது, அவர்களுடைய எதிர்ப்புச் சக்தியே வெறிகொண்டு நுரையீரலைத் தாக்கியிருந்தது. நான்கு பேருக்கு ஸ்டீராய்டு மட்டும் போட்டார்கள். மற்ற நான்கு பேருக்கு அதோடு இன்னோர் ஊசி. எதில் மூச்சு நன்றாகத் தேறியது என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்கிறார். இந்த ஆய்வுக்கு ஒன்பதாவதாகப் பேர் கொடுத்த மருதாயி, எந்த மருந்து என்று முடிவாவதற்குள் சூர்யகலாவின் கண்ணெதிரே இறந்துபோனாள்.

"வெரசா முடிங்க சிஸ்டரு, சோலி கெடக்கு" என்றாள் அவர்களில் ஒருத்தியான சுஜாதா.

இருட்டுக்குள்ளிருந்து கைகள் வரிசையாக நீண்டன. ஏலக்காய்க் கறை குறைவான சுண்டுவிரலாகப் பார்த்துக் கருவியை மாட்டி, குனிந்தபடியே எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தாள். முடித்து எண்ணிப் பார்த்தால் ஒன்பது எண்கள் இருந்தன. கடைசி எண் தொண்ணூற்றொன்பது.

"யாருக்காச்சும் ரெண்டு தடவ வச்சிட்டேனாக்கா?"

"இல்லையே, ஆளுக்கு ஒரு தடவதான்."

சுஜாதாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது.

"தள்ளி ஒக்காரலாம்ல?"

"அது மருதாயி எடம். சீசன் முடியிற மட்டும் விட்டு வச்சிருக்கோம்."

ஜீப்பு கிளம்பியது. சூர்யகலா அந்த ஒன்பதாவது எண்ணை அடித்து நீக்கவில்லை. கடைசியாக நீண்ட கையில் மட்டும் கறையே இல்லை. கருவியைக் கழற்றிய பிறகு, அந்தக் கை அவள் விரல்களை லேசாக ஒருமுறை அழுத்திவிட்டுத்தான் உள்ளே போயிருந்தது.