அறுபத்திரண்டாம் பக்கம்

ஒரு வீட்டு அலமாரியில் இருந்த ஜப்பானிய வாள்வீரன் ஒருவனின் படக்கதைப் புத்தகத்தில் ராமபாணப் பூச்சி ஒன்று பல வருஷமாகக் குடியிருந்தது. எதிரே இருந்த டிவிக்குள் அதன் சிநேகிதனான கரப்பான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கதையையே சினிமாவாக எடுத்ததை டிவியில் போட்டார்கள். வீடே கைதட்டியது. ராமபாணத்துக்கு வயிறு எரிந்தது.

"இதெல்லாம் ஒரு படமா? வாள்வீரனோட தங்கச்சி எங்கே? கதைக்கே உயிர் அவதான். அவளையே படத்துலேருந்து வெட்டிட்டான் அந்த டைரக்டர் பாவி!"

"படம் நல்லாத்தானே இருந்துச்சு? உனக்குப் பொறாமை," என்றது கரப்பான். "அப்படி ஒருத்தி இருந்தாளா? எங்கே, காட்டு பார்ப்போம்."

இரண்டும் அறுபத்திரண்டாம் பக்கத்துக்குப் போயின. தங்கச்சி நின்ற இடத்தில் பெரிய ஓட்டை இருந்தது.

"அடப்பாவி, நீதானே தின்னிருக்கே!"

"நான் ஆசையா தின்னேன்டா. அவன் நேரம் பத்தலைன்னு வெட்டினான். ரெண்டும் ஒண்ணா?"

கரப்பான் சிரித்துக்கொண்டே டிவிக்குத் திரும்பிவிட்டது. ராமபாணம் சிரிக்காமல் புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு நகர்ந்தது.

அடுத்த ஞாயிறு, படம் பார்த்த அந்த வீட்டுப் பெண் ஆவலோடு புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். எந்தப் பக்கத்திலும் வாள்வீரனுக்கு முகம் இல்லை.