கடைசி மஞ்சள் வரி

மென்பொருளைத் தொகுத்து இயக்கிப் பார்க்கும்போதெல்லாம் திரையில் மஞ்சள் எச்சரிக்கைகள் வரிசையாக வந்தன: "பழைய பதிப்பு. பொருந்தாது." சாயங்காலத்துக்குள் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று ரெஜினாவிடம் மேலாளர் சொல்லியிருந்தார்.

அவள் மென்பொருளின் ஒரு பாகத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினாள். ஒரு மஞ்சள் வரி மறைந்தது. அந்த மென்பொருள் ஓடும் ஊர்களைக் காட்டும் சுவர் வரைபடத்தில் ஒரு சின்ன விளக்கு அணைந்தது. அடுத்த வரி, அடுத்த விளக்கு. கடைசியில் கடலோரத்தில் ஒன்று மட்டும் மினுங்கியது.

போன் அடித்தது.

"மேடம், லைட்ஹவுஸ்ல இருந்து பேசுறேன். எங்க கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு, புதுப் பதிப்பு வந்தா விளக்கு அணைஞ்சிடும். படகெல்லாம் இன்னும் கரைக்கு வரல."

மேலாளர் பின்னால் வந்து நின்றார். "இன்னும் ஒண்ணுதானே?"

ரெஜினா, காற்றிலிருந்து அகலைக் காப்பதுபோல திரையில் மிஞ்சிய அந்த மஞ்சள் வரியைச் சுற்றி இரு கைகளையும் குவித்தாள். உள்ளங்கை சுட்டது.