ஐந்து விரல் தடம்

கேட்ட கேள்விக்கெல்லாம் கணவன்தான் பதில் சொன்னான்.

"கால்ல உணர்ச்சி தெரியுதா?" என்று மனைவியைக் கேட்டால், "தெரியுது மேடம்" என்றான். தூக்கம் எப்படி என்றால், "நல்லா தூங்குறா" என்றான்.

"இவங்க வாயை வீட்லயே வச்சுட்டு வந்துட்டீங்களா?" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

மனைவி சிரித்தாள். கணவனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விழுங்கினாள்.

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுடைய இரண்டு கால்களும் வலுவிழந்துவிட்டன. மூன்று மாதமாகக் கட்டிலும் சக்கர நாற்காலியும்தான். வீட்டில் அவர்கள் இருவர் மட்டுமே. அவன் இரும்புக் கேட் செய்கிறவன். தோளே ஒரு கேட் அகலம் இருந்தது.

புழுங்கும் பகலில் அவள் மணிக்கட்டு வரை மூடிய முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

தெரபிஸ்ட் கணவனை வெளியே இருக்கச் சொன்னார். புதிதாக வரும் யாரையும் சிறிது நேரம் தனியாகப் பார்ப்பது அவர் வழக்கம்.

"நான் இங்கயே ஓரமா நின்னுக்கிறேனே?"

"வெளிய நாற்காலி போட்டிருக்கு."

போனான். ஆனால் உட்காரவில்லை. கதவின் கீழ் இடுக்கில் அவன் பாதங்களின் நிழல் அசையாமல் நின்றது.

தோள் எவ்வளவு தூரம் உயர்கிறது என்று பார்க்க, தெரபிஸ்ட் அவள் சட்டைக் கையைச் சுருட்டினார். பாதியில் அவர் விரல்கள் நின்றன.

மேல்கையின் பின்புறம் நான்கு, முன்புறம் ஒன்று. வட்ட வட்டமாகக் கன்றிய தடங்கள்.

மற்ற கையிலும் அதே உயரத்தில் அதே ஐந்து.

சில நீலம், சில பச்சை, சில மஞ்சளாக வெளுத்தவை. ஒருநாள் பட்ட அடி மூன்று நிறத்தில் இருக்காது. பதினாறு வருஷ வேலையில் அவருக்கு அது தெரியும்.

"என்னம்மா இது?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன் மேடம்."

எந்தக் கதவுக்கு ஐந்து விரல்?

அவள் சட்டைக் கையை அவசரமாக இழுத்துவிட்டாள். வாசல் பக்கம் ஒரு பார்வை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.

தெரபிஸ்ட் மேசைப் பக்கம் திரும்பினார்.

மேசை இழுப்பறையில் அதற்கென்றே ஒரு படிவம் இருந்தது. நோயாளியை வீட்டில் யாரோ அடிக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் நிரப்ப வேண்டும். நிரப்பிக் கொடுத்த ஒரு மணி நேரத்தில் இரண்டு அதிகாரிகள் வருவார்கள். அவன் தனியாக வீட்டுக்குப் போவான். அவள் வேறெங்கோ அனுப்பப்படுவாள்.

தேதியை எழுதினார். நோயாளியின் பெயரை எழுதினார். 'காயத்துக்குக் காரணமானவர்' என்ற வரியில் பேனா நின்றது.

இந்த ஒருமுறை நான் நினைப்பது பொய்யாக இருக்கட்டும், கடவுளே.

எழுந்து கதவைத் திறந்தார். அவன் கிட்டத்தட்ட உள்ளே விழுந்தான்.

"வீட்ல இவங்கள நாற்காலியிலேருந்து கட்டிலுக்கு எப்படி மாத்துறீங்க? தூக்கிக் காட்டுங்க."

அவன் செருப்பைக் கழற்றினான். உள்ளங்கைகளைச் சட்டையில் இரண்டு தடவை துடைத்தான். பெரிய காரியத்துக்கு இறங்குகிறவன் போல மூச்சை இழுத்துக்கொண்டான்.

"ஒரு தடவை பாத்ரூம்ல நழுவிட்டா மேடம். அதுலேருந்து நான் பிடியே விடறதில்ல."

குனிந்து, அவளுடைய இரண்டு மேல்கைகளையும் இறுக்கிப் பிடித்தான்.

சட்டைத் துணிக்கு அடியில் எது எங்கே இருக்கிறது என்று தெரபிஸ்ட்டுக்குத் தெரியும். அவன் விரல்கள் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன.

"வலிக்குதா?" என்றான்.

"சீ, இல்ல. இவருக்கு இரும்புக் கேட்டும் நானும் ஒண்ணுதான் மேடம், தூக்கிட்டுப் போய் மாட்டிட வேண்டியதுதான்" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி.

அப்போதுதான் அவள் யார் கண்ணில் படாமலிருக்க முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறாள் என்பது தெரபிஸ்ட்டுக்குப் புரிந்தது.

"இந்தப் பிடி உங்க முதுகுக்கு ஆகாதுங்க" என்றார் அவனிடம். கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் இடுப்பில் அகலமான பட்டையைக் கட்டினார். அதைப் பிடிக்கச் சொன்னார். அவன் முழங்காலால் அவள் முழங்காலுக்கு முட்டுக் கொடுக்கச் சொன்னார். "நீங்க தூக்காதீங்க. அவங்க முன்னால சாயட்டும், தானா எழும்புவாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு."

எழுந்தாள். அவன் வாய் பிளந்தான்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான். வியாழக்கிழமை மறுபடி வாங்க. நான் பார்க்கணும்." எதைப் பார்க்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. மஞ்சள் மறைந்திருக்க வேண்டும். புதிதாக நீலம் இருக்கக் கூடாது. அதுவரை படிவம் இழுப்பறையில் இருக்கும்.

புறப்படும்போது அவள் தெரபிஸ்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எத்தனையோ வேலை இருக்க, ஏன் மேடம் இந்த வேலைக்கு வந்தீங்க?"

"எப்படித் தூக்கறதுன்னு கத்துக்கத்தான்."

வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்து இருவரும் சிரித்தார்கள்.

பதினான்கு வயதில், படுக்கையில் விழுந்த தன் அப்பாவைத் தெரபிஸ்ட் அப்படித்தான் இறுக்கிப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் இரண்டு பேர் வந்தார்கள். நல்லவர்கள், அதட்டக்கூட இல்லை. அப்பாவின் கைகளைப் பார்த்தார்கள், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள், அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

எங்கே, தூக்கிக் காட்டும்மா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.